வேலைத்தலத்தில் இழிசொல்: "பகிடிக்குச் சொன்னது" என்ற பதில் போதுமா?

2019 மே மாதம். பாடசாலைகள் மீண்டும் திறந்த முதல் கிழமை. ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம் நடந்துபோகிற தூரம். ஏப்ரல் 21ஆம் திகதி காலைச் சத்தம் எங்கள் காதிலிருந்து இன்னும் போகவில்லை. இறந்தவர்களில் எங்கள் பகுதியில் முகம் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அந்தத் துக்கத்தோடும் பயத்தோடும்தான் நானும் வேலைக்குப் போனேன்.

வாசலில் எல்லாருடைய பைகளையும் சோதித்தார்கள். அந்த நேரத்தில் அது தேவையானதுதான். என் பையை மட்டும் இரண்டு தடவை கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே திருத்தாத தமிழ்க் கொப்பிகள், மூக்குக் கண்ணாடி, தொழுகைப் புடவை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் வந்து உட்கார்ந்தேன். பல வருடங்களாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிடுகிற ஓர் ஆசிரியர் கேட்டார்: "என்ன டீச்சர், பேக்குக்குள்ள பெரிசா ஒண்டும் இல்லைதானே? வெடிக்க வைக்கிறதெண்டா சொல்லிப்போட்டு வைங்க, நாங்க ஓடிர்றம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவர் கெட்ட மனிதர் அல்லர். என் உம்மா மௌத்தானபோது வீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றவர். அன்று பின்னேரம் ஒரு சிங்கள ஆசிரியை, நான் கேளாமலே, ஆமர் வீதிச் சந்திவரை என்னோடு நடந்து வந்தார். ஆகவே ஓர் இனம் நல்லது, இன்னோர் இனம் கெட்டது என்று கணக்கு முடிக்க நான் இதை எழுதவில்லை. நான் ஏன் சிரித்தேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் படித்ததையும், அனுபவத்தில் கற்றதையும் இங்கே சொல்கிறேன். வேலைசெய்யும் இடத்தில் இனத்தின் பெயரால் சொல்படுகிறவர்களுக்கு இது கொஞ்சமாவது உதவவேண்டும் என்பது என் விருப்பம்.

சொற்கள் வந்த வழி

நான் தமிழ் சிறப்புப் பட்டம் படித்தவள். ஒரு சொல் குத்தினால் அதன் வேரைத் தேடிப் போவது எனக்குப் பழக்கம்.

சிங்களத்தில் எங்களை இழிவாகச் சொல்ல மூன்று சொற்கள் அதிகம் புழங்குகின்றன: தம்பியா, மரக்கல, ஹம்பயா. 'தம்பியா' எங்கள் தமிழ்ச் சொல். வீட்டில் இளையவனைக் கூப்பிடும் 'தம்பி'. கடைக்காரரையும் மூட்டை வியாபாரியையும் அன்பாகக் கூப்பிட்ட அந்தச் சொல், காலப்போக்கில் ஒரு சமூகம் முழுவதையும் கீழே இறக்கிப் பேசும் சொல்லாகிவிட்டது. 'மரக்கல'வும் தமிழ்தான். மரக்கலம் என்றால் கப்பல். 'ஹம்பயா' என்பது சம்பான் என்ற படகின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஹம்பாந்தோட்டை என்ற ஊர்ப் பெயருக்கும் அதே விளக்கம் சொல்லப்படுவதுண்டு. கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குக் கப்பல் என்பது சோறு தந்த சொல். அதுவே வசவாகக் காதில் விழும்போது அந்த வலி வேறு மாதிரி.

தமிழிலும் குறைவில்லை. 'சோனகர்' பழைய இலக்கியச் சொல். 'யவனர்' என்பதன் வழிவந்ததாக அகராதிகள் காட்டுகின்றன. அதைச் 'சோனி' என்று வெட்டிச் சொன்னால் ஏளனம். 'தொப்பி பிரட்டி' என்பதில் ஏளனத்தோடு குற்றச்சாட்டும் சேர்ந்திருக்கிறது: நீ நம்பத் தகாதவன், கட்சி மாறுகிறவன். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைச் சில மணித்தியால, சில நாள் அவகாசத்தில் ஊரைவிட்டுப் போகச் சொன்ன காலத்தை நினைக்கும்போது, அந்தக் குற்றச்சாட்டு அதற்கு எத்தனை வருடம் முன்பிருந்தே பேச்சில் கிடந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது.

தமிழர்களும் இதே வழியில் அடிபட்டவர்கள்தான். சிங்களத்தில் 'தெமள' என்றால் தமிழ், அவ்வளவுதான். அதன் முன்னால் 'பற' சேர்ந்தால் அது வேறு. மலையகத் தமிழரைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். பேச்சிலிருந்த அந்த எண்ணம் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில் ஏறியது. தலைமுறைகளாக இந்த மண்ணில் உழைத்த சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். மலேசியாவில் தமிழரைக் குத்தும் 'கெலிங்' என்ற சொல், கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்தது. தென்னாபிரிக்காவில் காந்தியைக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்தார்கள். கூலி என்பது உழைப்புக்கான ஊதியம். அதைக் கொடுத்தவன் வாயில் அது பழிச்சொல் ஆனது.

இவற்றை அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரிகிறது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை பிறக்கும்போது வசவு அல்ல. தொழிலையோ ஊரையோ உறவையோ குறித்தவை. அதிகாரம் கூடியவர் குறைந்தவரைப் பார்த்துச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, அவை வசவாகின. ஆகவே "அந்தச் சொல்லுக்கு அகராதியில் கெட்ட கருத்து இல்லையே" என்று யாராவது வாதாடினால் ஏமாற வேண்டாம். யார், யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் சொன்னார் என்று பார்க்கவேண்டும்.

பேச்சு உத்தரவாகிற இடம்

இழிசொல் வெறும் சத்தம், காற்றோடு போய்விடும் என்பவர்கள் உண்டு. எங்கள் நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது. அது இந்துப் பாரம்பரியமுள்ள பாடசாலை, சேலைதான் அதன் மரபு என்பது ஒரு தரப்பின் வாதம். அரசாங்க ஆசிரியர் தம் மார்க்கத்துக்குரிய கண்ணியமான உடையோடு பணியாற்ற முடியாதா என்பது மறுதரப்பின் கேள்வி. ஆசிரியைகள் தற்காலிகமாக வேறு பாடசாலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டார்கள். விசாரித்த ஆணைக்குழு அவர்கள் பக்கம் நியாயம் கண்டு பரிந்துரை வழங்கியது. அதோடு முடியவில்லை. விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. 2022 பெப்ரவரி 2ஆம் திகதி ஓர் ஆசிரியை அதே பாடசாலைக்குக் கடமையேற்கப் போனபோது மறுபடியும் குழப்பம். ஓர் உடைக்காக நாலு வருடம். இரண்டு சிறுபான்மைச் சமூகங்கள், இரண்டும் தமிழ் பேசுகிறவை, ஒன்றையொன்று நீதிமன்றத்தில் பார்த்துக்கொண்ட கதை அது.

அடுத்த வருடம் நாடு முழுவதற்கும் வந்தது. 2019 மே 29ஆம் திகதியிட்ட 13/2019 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபம், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி அணியவேண்டும் என்றது. முகத்தை மூடுவதற்கு அவசரகால ஒழுங்குவிதி ஏற்கெனவே தடை போட்டிருந்தது. அதைப் பெரும்பாலானோர் ஏற்று நடந்தார்கள். இந்தச் சுற்றுநிருபமோ முகம் தெரிய உடுத்தியவர்களையும் வாசலில் மறித்தது. மனித உரிமைகள் ஆணைக்குழு ஆட்சேபித்த பிறகு அது திருத்தப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் எத்தனை பெண்கள் லீவு போட்டு வீட்டில் இருந்தார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

குருநாகல் போதனா வைத்தியசாலை டொக்டர் ஷாபி சிஹாப்தீனின் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்களப் பத்திரிகையின் முதற்பக்கத்தில் பெயர் குறிப்பிடாத செய்தி வந்தது: ஒரு முஸ்லிம் டொக்டர் ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்துவிட்டாராம். மறுநாள் அவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஜூலை 25ஆம் திகதி பிணை கிடைத்தது. கட்டாய லீவில் வைக்கப்பட்ட காலத்துக்கான 26 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நிலுவைச் சம்பளம் 2022இல்தான் கைக்கு வந்தது. நாடு மருந்தில்லாமல் தவித்த நேரம் அது. அந்தப் பணத்தை அத்தியாவசிய மருந்து வாங்க அவர் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

இந்த மூன்றிலும் உத்தரவுக்கு முன்பு பேச்சு இருந்தது. "இவங்க எங்கட சனத்தொகைய குறைக்கப் பார்க்கிறாங்க", "இவங்கட உடுப்பே ஒரு மாதிரி" என்ற பேச்சுகள் பஸ்ஸிலும் தேநீர் நேரத்திலும் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. யாரும் நிறுத்தவில்லை. பிறகு ஒருநாள் அதே பேச்சு கடிதத் தலைப்போடும் முத்திரையோடும் வந்தது.

"பகிடிக்குத்தானே சொன்னேன்"

இழிசொல் சொன்னவரிடம் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேரின் பதில் இதுதான். இதற்கு என்ன மறுமொழி?

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இதை நன்றாக யோசித்திருக்கிறது. அதன் 26ஆம் பிரிவின்படி, இனம், மதம் போன்றவற்றோடு தொடர்புடைய வேண்டத்தகாத நடத்தை ஒருவரின் கண்ணியத்தைக் குலைத்தால், அல்லது அவருக்கு அச்சமும் பகையும் அவமானமும் நிறைந்த சூழலை உண்டாக்கினால் அது தொந்தரவு. அதை 'நோக்கமாக' வைத்துச் செய்திருந்தாலும் சரி, அதன் 'விளைவு' அப்படி ஆனாலும் சரி. பாதிக்கப்பட்டவர் எப்படி உணர்ந்தார், மற்ற சூழ்நிலை என்ன, அப்படி உணர்வது நியாயமா என்று மூன்றையும் பார்ப்பார்கள். பகிடிக்குச் சொன்னேன் என்பது நோக்கத்துக்கான பதில். விளைவுக்கு அது பதிலாகாது. அதேநேரம், தொட்டதற்கெல்லாம் கோபிக்கிறவருக்கும் அந்தச் சட்டம் முழு உரிமை கொடுத்துவிடவில்லை. இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அமெரிக்காவில் 17 வயதுப் பெண் ஒருத்தி தலையில் முக்காட்டோடு துணிக்கடை நேர்முகத்துக்குப் போனாள். கடையின் 'தோற்றக் கொள்கை'யைக் காட்டி வேலை மறுத்தார்கள். அவள் மதச் சலுகை எதுவும் கேட்கவில்லையே என்றது அபர்குரோம்பி அன்ட் ஃபிட்ச் என்ற அந்தக் கம்பனி. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. வேலை கொடுக்காமல் விட்டதற்கு அவளது மத வழக்கத்துக்கு இடமளிக்க விரும்பாததே காரணமென்றால், வாய்திறந்து கேட்கவில்லை என்பது சாக்காகாது.

எங்கள் நாட்டில் என்ன இருக்கிறது?

முதலில் அரச ஊழியர்கள். அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் என்பவற்றின் பேரில் எந்தப் பிரஜைக்கும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 10ஆம் உறுப்புரையும் 14(1)(உ)வும் மத நம்பிக்கையையும் அதைப் பின்பற்றுவதையும் காக்கின்றன. இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். நம்மில் பலர் தோற்கிற இடம் இதுதான். "பார்ப்போம், சரியாகிடும்" என்று இருந்துவிட்டு மூன்றாம் மாதம் சட்டத்தரணியைத் தேடுகிறோம்.

1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவில் செலவில்லாமல், தமிழிலேயே முறையிடலாம். அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996தான், மறக்காது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிட்டு அங்கே விசாரணை நடக்குமானால், அந்தக் காலம் நீதிமன்றத்துக்கான ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் கையில் இருப்பது போதாது, உண்மையில் விசாரணை நடந்துகொண்டிருக்கவேண்டும் என்று நீதிமன்றம் பார்க்கும். ஆணைக்குழு சமரசம் செய்யும், பரிந்துரைக்கும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. திருகோணமலைக் கதை நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவற்றோடு அரச ஊழியரின் ஒழுக்கத்தைத் தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி கட்டுப்படுத்துகிறது. சக ஊழியரை இழிவுபடுத்துபவர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை கோர அது வழி.

தனியார் துறையில்தான் பெரிய ஓட்டை. அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிரானது. ஒரு கடை முதலாளியோ கம்பனி மனேஜரோ செய்வதற்கு அது நேரடியாகப் பொருந்தாது. தொழிலில் பாகுபாட்டைத் தடுக்கும் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. ஆனால் தனியார் வேலைத்தலத்தில் இனப் பாகுபாட்டைத் தனியாகத் தடைசெய்யும் முழுமையான சட்டம் எங்களிடம் இல்லை. வேலையிலிருந்து நீக்கினால் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்காமல் நாளாந்தம் குத்திக்கொண்டே இருந்தால் கம்பனியின் சொந்த ஒழுக்கக் கோவைதான் கதி. நியமனக் கடிதத்தோடு தரும் அந்தப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை. திறந்து பாருங்கள்.

குற்றவியல் சட்டமும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 290 முதல் 292 வரையான பிரிவுகள் மதம் தொடர்பான குற்றங்களைச் சொல்கின்றன. சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் (2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம்) பாகுபாட்டையும் பகையையும் வன்முறையையும் தூண்டும் இன, மத வெறுப்புப் பரப்புரையைக் குற்றமாக்குகிறது. ஆனால் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். 2019 மே மாதம் ஹசலகவில், கப்பல் சுக்கான் அச்சிட்ட உடுப்பைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தபோது இந்தச் சட்டத்தின் பெயரும் அடிபட்டது. சிறுபான்மையைக் காக்க வந்த கத்தி சிறுபான்மையின் கழுத்திலேயே வைக்கப்பட்டதை நாம் பார்த்துவிட்டோம். ஆகவே பொலிஸ் கடைசி வழியாக இருக்கட்டும்.

நேர்கூற்றில் எழுதுங்கள்

சட்டம் எதுவானாலும் அது கேட்கும் முதல் கேள்வி: என்ன சொன்னார்? இங்கேதான் தமிழ் டீச்சரின் புத்தி உதவுகிறது.

ஆறாம் வகுப்பிலேயே நேர்கூற்று, அயற்கூற்று படிப்பிக்கிறோம். "அவர் என்னை இனரீதியாக அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் அது உங்கள் முடிவு. வாசிப்பவர் நம்பலாம், நம்பாமலும் விடலாம். "செவ்வாய்க்கிழமை காலை 10.20, இடைவேளை, ஆசிரியர் அறை. அவர் சொன்னது:" என்று போட்டு, மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னதை அப்படியே எழுதினால் அது சாட்சியம். சிங்களத்தில் சொன்னால் சிங்களத்திலேயே, தமிழ் எழுத்தில் என்றாலும் பரவாயில்லை. அசிங்கமான சொல் என்று வெட்கப்பட்டுப் புள்ளி போடாதீர்கள். அங்கிருந்தவர்கள் யார், நீங்கள் என்ன சொன்னீர்கள், பிறகு என்ன நடந்தது என்பதையும் சேருங்கள். அன்றே எழுதுங்கள். ஒரு கிழமை போனால் மனம் அதை அயற்கூற்றாக மாற்றிவிடும்.

அந்த நேரத்தில் வாய்திறந்து ஒரு வசனம் சொல்லப் பழகுங்கள். சண்டை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். "சேர், இது எனக்குப் பகிடியாத் தெரியல்ல. என்னோட இப்பிடிக் கதைக்க வேணாம்." அவ்வளவு போதும். சொல்ல முடியாமல் போனாலும் உங்களைக் குறைசொல்லாதீர்கள். சம்பளமும் இடமாற்றமும் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னால் எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மறுநாளும் சொல்லலாம், எழுத்திலும் சொல்லலாம்.

மறுபடியும் நடந்தால் அதிபருக்கோ நிறுவனத் தலைவருக்கோ கடிதம் கொடுங்கள். ஒரு பிரதியில் கிடைத்ததாகக் கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனை, தொழிற்சங்கம், ஆணைக்குழு. அந்த ஒரு மாதத்தைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். வட்ஸ்அப் குழுவில் வந்ததென்றால் திகதி தெரியப் படம்பிடித்து வையுங்கள். ஆத்திரத்தில் பேஸ்புக்கில் பெயர்போட்டு எழுதிவிடாதீர்கள். நியாயமுள்ள முறைப்பாட்டையும் அது கெடுத்துவிடும்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். அடிபட்டவரைவிட அடிபடாதவர் பேசுவது சுலபம். அன்று அந்த அறையில் ஒரேயொருவர் "அப்பிடிச் சொல்லாதீங்க சேர்" என்றிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன். பாதிக்கப்பட்டவர் சிரித்துவிட்டாரே, அவருக்கே பிரச்சினையில்லை என்று நினைக்காதீர்கள். தனித்து விடப்பட்டவர் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளக் கொடுக்கும் விலைதான் அந்தச் சிரிப்பு.

எங்கள் வாய்

இவ்வளவும் எழுதியவள் இதையும் எழுதவேண்டும்.

எங்கள் பாடசாலையில் ஒரு சிற்றூழியர் இருந்தார். பொகவந்தலாவைப் பக்கத்து அக்கா. ஒருநாள் தேநீர்க் கோப்பை ஒன்று அவர் கைதவறி உடைந்தது. கோப்பைக்குச் சொந்தக்காரி எங்கள் ஆள், தலையில் முக்காடு போட்டவர், வாசலில் பை கொட்டப்பட்டவர்களில் ஒருவர். "இந்தத் தோட்டக்காட்டுச் சனத்த வேலைக்கு வெச்சா இப்பிடித்தான்" என்றார். நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு கை கழுவப் போனபோது அக்கா தனியாக நின்றார். ஆறுதல் சொல்லப் போனேன். "அவ அப்பிடித்தான் அக்கா, மனசுல வெச்சிக்காதீங்க" என்றேன்.

அவர் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ஒங்களப் பத்தி அந்த சார் சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க டீச்சர். நான் சிரிக்கல."

எனக்கு ஞாபகம் வந்தது. அன்று அவர் அந்த அறையில்தான் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். அவரை நான் பார்க்கவேயில்லை. யார் சிரித்தார்கள் என்று எண்ணிய என் கணக்கில் அவர் ஓர் ஆளாகவே சேரவில்லை.

சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. அபூதர் (ரலி) அவர்கள் கோபத்தில் ஒருவரை அவரது தாயின் நிறத்தைச் சொல்லி இழித்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்ததை மதரஸாவில் எல்லாரும் படித்திருக்கிறோம். அந்தச் சம்பவத்தில் ஒரு விஷயத்தை நாம் விட்டுவிடுகிறோம். கண்டிக்கப்பட்டவர் எதிரியல்லர், சொந்தத் தோழர்.

அந்தக் கிழமையே முக்காடு போட்ட அந்த ஆசிரியையிடம் பேசினேன். "நீங்களும் இத பெருசா எடுக்கிறீங்களே தாத்தா" என்றார். பேசாமல் போனார். சில நாள் கழித்து அந்த அக்காவுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பகிடி சொன்ன ஆசிரியரிடமும் பேசினேன், காலம் கடந்துதான். "பகிடிக்குத்தானே டீச்சர்" என்றார். "உங்களுக்குப் பகிடி சேர். நான் அண்டைக்கு ராவைக்கு நித்திரை கொள்ளல்ல" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அப்படியான பேச்சு அதற்குப் பிறகு அந்த மேசையில் வரவில்லை.

நானும் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அதன் முதற்பக்கத்தில் இருப்பது கோப்பை உடைந்த நாள். திகதி, நேரம், இடம், மேற்கோள் குறிக்குள் அந்த வசனம். 'அங்கிருந்தவர்கள்' என்ற இடத்தில் என் பெயரையும் எழுதியிருக்கிறேன்.